நாலு சுவருக்குள் ஓர் அழுகை

கதவைச் சாத்துங்கள். அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளுங்கள்... போதும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் சிரிப்பு வராது.

இது என் சிநேகிதன் வாரினுடைய அக்காள் புருஷனுக்கு நடந்தது. அவன் பெயர் ஹேமோ.

பனிக்காலம் தொடங்கும்போது வருமே மார்ட்டின் திருநாள், அதற்கு முந்தின நாள். தேவாலய மணி அடித்து ஓய்ந்த அந்தி நேரம். பட்டணத்திலிருந்து ஆற்றோரமாக வரும் ஒற்றைப் பாதை... இரண்டு பக்கமும் சதுப்பு. ஆள் அரவமே கிடையாது. ஹேமோ கிழட்டுக் குதிரை ஒன்றில் தனியாக வருகிறான். மழை தூறுகிறது. அவனோ சீட்டியடிக்கிறான். வழக்கில் ஜெயித்துவிட்டு வருகிறவன் வேறு என்ன செய்வான்?

அவன் மனைவி ஏவிஸ் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீடு, ஆற்றோரப் புல்வெளி, உழவு நிலம் எல்லாம் கல்யாணத்தின்போது அவள் அப்பா அவள் பெயருக்குக் கொடுத்தது. பிள்ளை பிறக்காமல் அவள் செத்தால் சொத்து அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு, அதாவது தம்பி வாரினுக்குத் திரும்பிவிடும். புருஷன் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் பிள்ளை உயிரோடு பிறந்து ஒரு நொடி இருந்துவிட்டுப் போயிருந்தாலும் சரி... புருஷன் சாகும்வரை எல்லாம் அவன் வசம்.

உயிர் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? பிள்ளை அழுதிருக்க வேண்டும். நாலு சுவருக்குள் அது அழுத சத்தம் கேட்டிருக்க வேண்டும். கடல் தாண்டினால் இப்படி ஒரு சட்டம் இல்லையாம், நம் இங்கிலாந்தில் மட்டும்தானாம். பெருமைதான்! பிரசவம் பார்த்த பெண்களை யாரும் கேட்கமாட்டார்கள். சுவருக்கு வெளியே நின்ற ஆண்பிள்ளைகள் காதில் விழுந்ததா என்றுதான் கேட்பார்கள். எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும்.

ஏவிஸ் இரண்டு நாள் வலியில் துடித்தாள். ஹேமோ என்ன செய்தான் தெரியுமா? நாலு பேரை அழைத்து, சுவரோரம் பலகை போட்டு உட்காரவைத்து, பீர் ஊற்றிக் கொடுத்தான். கூரை வேய்கிற ஆஸ்பர்ட்டும் பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேரும். நல்ல மனுஷர்கள்தான், பாவம்.

மூன்றாம் நாள் கருக்கலில் பெண் குழந்தை பிறந்தது. நீலம் பாரித்து... அசைவே இல்லை. மருத்துவச்சி குன்னில்ட் காலைப் பிடித்துத் தட்டினாள். வாயில் ஊதினாள். ம்ஹூம்.

அப்போது ஹேமோ உள்ளே வந்தான். அங்கியை விலக்கினான். உள்ளே அப்போதுதான் ஈன்ற ஆட்டுக்குட்டி... ஈரம்கூடக் காயவில்லை. அதன் காதை நகத்தால் கிள்ளித் திருகினான்.

மே... மேஏஏ...

இரண்டே தரம். மூன்றாவது வருவதற்குள் அதன் வாயைப் பொத்திவிட்டான். புதுக்குட்டியின் சத்தமும் பச்சைப் பிள்ளையின் சத்தமும் கனத்த சுவரைத் தாண்டினால் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளியே நாலு பேரும் குவளையோடு குவளை இடித்து ஆரவாரம் செய்தார்கள்.

ஏவிஸ் அப்போது உயிரோடுதான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுதுச்சுன்னு சொல்லப்போறியா?" என்று கேட்டாள்.

ஹேமோ குட்டியை மறுபடி அங்கிக்குள் மறைத்தான்.

"சரி... அழட்டும். நீ இருக்கிற வரைக்கும் அழட்டும்."

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டாள். தாயையும் பிள்ளையையும் ஒரே குழியில் வைத்தார்கள். குன்னில்டை ஹேமோ மிரட்டி வாயடைத்தான்.

எட்டு மாதம் கழித்துப் பட்டணத்துக்கு நீதிபதி வந்தார். நாலு பேரும் வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னார்கள். உயிரோடு இருக்கும்வரை நிலம் ஹேமோவுக்கே என்று தீர்ப்பாயிற்று. வழக்கு நடந்த மண்டபத்தின் வாசலில் வாரின் வழிமறித்தான்.

"எங்க அக்கா மேல ஆணையா சொல்லு அத்தான். புள்ள அழுதுச்சா?"

"நாலு பேரு கேட்டாங்கடா மச்சான். உன் காது அடைச்சுக் கிடந்தா நான் என்ன பண்ண?"

இந்தக் குத்தலை நினைத்து நினைத்துச் சிரித்தபடிதான் அவன் அந்தப் பாதையில் வந்தான். வீட்டு வாசலில் இறங்கினான். உள்ளே யாரும் இல்லை, விளக்கும் இல்லை. கதவைத் தள்ளினான். திரிந்த பால் வாடை குப்பென்று அடித்தது.

வீல்...

மெல்லிய அழுகை. பசித்த பிள்ளையின் அழுகை. ஒரு மூச்சு அழும்... அடைத்துக்கொண்டு நிற்கும்... மறுபடி அழும்.

பூனை என்று நினைத்தான். கட்டிலுக்கு அடியில் பார்த்தான். மாவுப் பெட்டியைத் திறந்தான். வைக்கோல் மெத்தையைக் கிழித்தே போட்டான். ஒன்றும் இல்லை. எந்த மூலைக்குப் போனாலும் சத்தம் எதிர் மூலையில். வாசலைத் தாண்டி வெளியே கால் வைத்தான்... நின்றுவிட்டது. கால் உள்ளே வந்ததும் வீல்.

ஒரு வாரம் மாட்டுக் கொட்டகையில் படுத்தான். வேலையாட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் பொறுக்க முடியாமல் அந்த நாலு பேரையும் கூட்டி வந்தான். தனக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று அவனுக்குத் தெரிய வேண்டும். உள்ளே நுழைந்ததும் அவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கேட்டார்கள். ரொம்ப நேரம் கேட்டார்கள். ஆஸ்பர்ட்டின் முகம் வெளுத்தது.

"ஹேமோ... அன்னிக்கு நாங்க கேட்டது இது இல்லியே."

"அதேதான்யா. நல்லாக் கேளு."

"நான் ஏழு புள்ள பெத்தவன். இதுதான் புள்ள. அப்ப அன்னிக்கு எங்க காதுல விழுந்தது என்ன? எங்களை என்னடா சத்தியம் பண்ண வச்சே?"

 அவர்கள் வாசலிலேயே துப்பிவிட்டுப் போனார்கள். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டே, அதனால் வெளியே மூச்சு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் யாரும் அவனோடு ஒரு வாய் பீர் குடித்ததில்லை.

உண்மையைச் சொல்லி நிலத்தை விட்டிருக்கலாம் அல்லவா? மாட்டான். அவன் புத்தி வேறு வழியில் போயிற்று. நாலு சுவருக்குள்தானே அழுகிறது? சரி, மூன்றாக்கிவிடுவோம். கடப்பாரையை எடுத்து ஆற்றுப் பக்கச் சுவரை ஒரே நாளில் இடித்துத் தள்ளினான்.

சத்தம் நின்றது.

வீடு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பனிக்காற்று நேராக உள்ளே வந்தது. அவனுக்கு என்ன கவலை? நெருப்பு மூட்டினான். உப்புப் பன்றிக்கறி வாட்டித் தின்றான். வாரக்கணக்கில் கெட்ட தூக்கத்தை அன்று தூங்கினான்.

விடிகிற நேரம் புல்வெளியில் கேட்டது. தூரத்தில்... வேலியோரம். மெதுவாக வயலின் எல்லையைச் சுற்றி வந்தது. சொத்துக்கு உரியவர்கள் எல்லையை நடந்து பார்ப்பார்களே, அந்த மாதிரி. அப்புறம் நெருங்கியது. இத்தனை நாள் அதை அடைத்து வைத்திருந்ததே அந்தச் சுவர்தான் என்று ஹேமோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு அவன் போகிற இடமெல்லாம் அந்த அழுகை வந்தது. சந்தைக்கு, தேவாலயத்துக்கு, பத்துக் கல் தொலைவிலிருந்த அவன் தங்கை வீட்டுக்கு. தங்கை ராத்தங்க விடவில்லை. கண் குழிந்து, மயிர் உதிர்ந்து, அடுத்த முறை நீதிபதி வந்தபோது அவனாகவே போய் நின்றான்.

"ஐயா, நான் பொய் சொன்னேங்க. என் புள்ள அழ..."

வீல்!

மண்டபமே அதிர்ந்தது. அவன் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. மறுபடி ஆரம்பித்தான். மறுபடி வீல்.

"யாரு புள்ள அது? வெளிய தூக்கிட்டுப் போங்க!" என்று நீதிபதி கத்தினார். சேவகர்கள் பலகைகளுக்கு அடியிலெல்லாம் தேடினார்கள். பிள்ளையோடு வந்தவர்கள் ஒருவரும் இல்லை.

ஒன்பது தடவை முயன்றான் ஹேமோ. ஒன்பது தடவையும் அது அவன் சொல்லை விழுங்கியது. நீதிபதிக்குப் பொறுமை போயிற்று. "உன் வழக்கு முடிஞ்சு போச்சுய்யா. உசுரோட இருக்கிற வரைக்கும் நிலம் உன்னுது. போ!"

ஹேமோ போய் வாரினுடைய காலில் விழுந்தான். "எடுத்துக்கடா மச்சான். எல்லாத்தையும் எடுத்துக்க."

"எனக்கு எதுக்கு அத்தான்? தீர்ப்புல என்ன சொல்லியிருக்கு? உசுரு இருக்கிற வரைக்கும் உன்னுது. நல்லா ஆண்டு அனுபவி." வாரின் இதை என்னிடம் சொன்னபோது அவன் கண் பளபளத்தது. நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். அவள் அவனைத் தூக்கி வளர்த்த அக்காள்.

போன பனிக்காலம், ஒரு விடியற்காலை. வாரின் வீடுவரை தினமும் கேட்கும் அழுகைச் சத்தம் அன்று புல்வெளிப் பக்கமிருந்து வரவே இல்லை. செத்துத் தொலைந்தான் என்று நினைத்து வாரின் வேகமாக நடந்தான். உறைபனி காலடியில் நொறுங்கியது. கிட்டப் போகப் போக ஏதோ ஒரு சின்னச் சத்தம்... சப்... சப்... விழுங்குகிற சத்தம்.

இடிந்த சுவர்மேல் ஹேமோ உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிரில் சட்டையைத் திறந்து போட்டிருந்தான். விலா எலும்பை எண்ணிவிடலாம். இரண்டு கையும் எதையோ ஏந்தினாற்போல வளைந்திருந்தன.

"அத்தான்?"

ஹேமோ உதட்டின்மேல் விரலை வைத்தான்.

"உஷ்... மெதுவா மச்சான். இப்பதான் குடிக்க ஆரம்பிச்சிருக்கு."

வாரின் அவன் நெஞ்சைப் பார்த்தான். இடது மார்பின் தோல் தானாக முன்னால் இழுபட்டது... விட்டது... மறுபடி இழுபட்டது. ஓரத்தில் சிவப்பாக ஒரு துளி வழிந்தது. அது கீழே விழவில்லை. ஒரு சின்ன மோவாய் இருக்க வேண்டிய இடத்தில், வெறுங்காற்றில், தொங்கிக்கொண்டு நின்றது.