வையாளிக் குதிரை

“நான் எங்கேப்பா உன்னோட ஆடினேன்? கொழந்தைய ஆஸ்பத்திரில வெச்சிக்கினு உனக்குப் போன் மேல போன் போட்டுக்கினு இருந்தேன். நீ எடுத்தியா?”

“நீதானேம்மா எடுக்காதேன்னு சொன்னே. தெனமும் என்னோட ஆடிட்டு இப்ப இல்லேன்றே.”

எதிர்வீட்டு வாசலில் ஏலவார்குழலியும் அவள் அப்பா பரமசிவமும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். சண்டை பார்க்க அதைப்போல வசதியான வேலை கிடையாது. எழுந்து போகவும் வேண்டாம், கேட்காததுபோலவும் இருக்கலாம். புகார் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் சார். சொல்லிவிடுகிறேன்.

பரமசிவம் பட்டுச்சேலை டிசைனுக்குத் தறியில் மாட்டுகிற அட்டையில் துளை அடிக்கிறவர். மனைவி இல்லை, ஒரே பெண். அந்தப் பெண் ராமராஜன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். வேறு சாதி. அதில் எனக்கென்ன? ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். அவள் போன விஷயம் மட்டும் தையல்கடைக்காரி சொல்லித்தான் தெரிந்தது. வாய்க்கு வாய் என்னை அக்கா என்றவள். தெருவே என்னைப் பார்த்து, உனக்கே தெரியாதா என்று சிரித்தது. கோபமெல்லாம் இல்லை. மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டேன்.

மகளோடு பேச்சை நிறுத்திய மனிதர், மாலையானால் போனில் யார் யாரோடோ செஸ் ஆடுவார். மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். வரதர் குதிரை வாகனத்தில் வரும் நாளில், தூக்குகிறவர்கள் பெருமாளோடு ஓடிப் போய் ஓடித் திரும்புவார்களே, வையாளி, அதைப் பார்த்துவிட்டுச் சிறுபிள்ளையில் அவள் ஒரு வழக்கம் வைத்தாள். ஆட்டம் தொடங்கியதும் குதிரையை வெளியே தாண்டவிட்டு, அடுத்த நகர்த்தலிலேயே பழைய கட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஆடத் தெரிந்த எவரும் செய்யாத காரியம். அவரும் திட்டிக்கொண்டே ரசிப்பார். ஜன்னல் வழியாக எத்தனை முறை பார்த்திருப்பேன், பார்த்துப் பார்த்தே எனக்கும் ஆட்டம் பழகிவிட்டது.

அவர் ஆடுகிற அதே செஸ் ஆப்பை என் போனில் போட்டு அவர் பெயரைத் தேடினேன், கிடைத்தது. ஒரு புதுப்பெயரில் ஆட்டத்துக்கு அழைத்தேன். குதிரையை வெளியே விட்டேன். திரும்பக் கொண்டுவந்தேன். எதிர்வீட்டு ஜன்னலில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ‘கண்ணு, நீயா?’ என்று எழுதிக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குதிரையை மறுபடி வெளியே விட்டேன், அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் ஆடினோம். மனிதர் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். மகளிடம் பேசத் துடித்தார். பேசினால் ஆட்டம் அன்றோடு தீர்ந்தது. ஆகவே எழுதினேன்: ‘என் போன் மாமியார் வீட்டாரிடம் இருக்கு. என் நம்பரில் வந்தால் எடுக்காதீங்கப்பா. இது வேற போன், இங்கே மட்டும்தான் நான் இருக்கேன்.’

போன மாசம் ஏலவார்குழலிக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அப்பாவை அழைத்தாள். அவர் அடிக்கிற போனைப் பார்த்து லேசாகச் சிரித்து, அழைப்பை நிறுத்திவிட்டு, யானையை நகர்த்தினார். பிறகு அவள் என்னை அழைத்தாள்.

“அக்கா, கொழந்தைக்கு முடியல. அப்பாவாண்ட போனைக் குடுங்கக்கா. ஒரு வாட்டி வந்து பார்த்துட்டுப் போவச் சொல்லுங்க.”

அவர் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் போனை மடியில் வைத்திருந்துவிட்டுச் சொன்னேன்: “கேட்டேம்மா. அந்தக் கொழந்த எனக்கு யாருன்றாரு.”

அவள் போனை வைத்துவிட்டாள். என் முறை வந்து காத்திருந்தது, ஆடினேன்.

மறுநாள் குழந்தை இறந்த சேதியையும் அவள் எனக்குத்தான் சொன்னாள். தெருவில் முதலில் தெரிந்தது எனக்கு. நான் யாருக்கும் சொல்லவில்லை. அன்று மாலையும் ஆடினோம், அவர் ஜெயித்தார். ‘அப்பனுக்கு விட்டுக்கொடுத்துட்டியா கண்ணு’ என்று எழுதினார்.

அதற்கப்புறம்தான் அவள் நேரில் வந்து அந்தச் சண்டை. பேசப் பேச இருவருக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. “கொழந்த யாருன்னு நீ கேட்டதா அக்கா சொன்னாங்களே” என்றாள் அவள், “எந்த அக்கா?” என்றார் அவர், கடைசியில் ஒரே சமயத்தில் என் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏலவார்குழலி புருஷனோடு புனேக்குப் போய்விட்டாளாம். பரமசிவம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருமுக்கூடலில் தம்பி வீட்டோடு இருக்கிறார். போன் அடித்தால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாராம், பாவம். இங்கே இருந்தவரைக்கும் மகளோடு ஆடுகிற சந்தோஷமாவது அந்த மனுஷனுக்கு இருந்தது. அவள் வந்து அதையும் கெடுத்துவிட்டாள்.