லுப்பெர்ட்டின் மூக்கு

உங்கள் விசாரணை அறையில் வெளிச்சம் அருமை, ஐயா. வடக்குப் பார்த்த சன்னல். செம்புத் தகட்டில் படம் செதுக்குகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும். உட்காரச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் கொஞ்ச நாளாக எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுப் படை ஹாலந்து எல்லை தாண்டிய அந்தக் கோடையில் ஹார்லெம் ஊரே பித்துப் பிடித்துக் கிடந்தது. எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டவன் நம் ஊரில் ஒளிந்திருக்கிறான் என்று பேச்சு. இளவரசர் கட்சிக்காரர்கள் என் பட்டறைக்கு வந்தார்கள். முகம் இல்லாத துரோகிக்கு எதிராகக் கூட்டம் சேராது, சந்தை நாளுக்குள் ஒரு முகம் அச்சடித்துக் கொடு என்றார்கள். அவனை அவர்களும் பார்த்ததில்லை. இடக் கன்னத்தில் தழும்பு, அவ்வளவுதான் தெரியும்.

முகம் என்றால் மூக்கு வேண்டுமே. எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த மூக்கு லுப்பெர்ட்டினுடையது. எதிர்த் தெருவில் அவனுக்கும் இதே தொழில். என்னைவிடக் கெட்டிக்காரன் என்று ஊர் சொல்லும். அவனுக்கும் ஒரு தழும்பு உண்டு, ஆனால் வலக் கன்னத்தில். சேர்ந்து தொழில் கற்ற நாளில் அச்சுப்பொறியின் கைப்பிடி அடித்தது.

மதுக்கடையில் ஒருமுறை என் படத்தைத் தூக்கிக் காட்டி, "வோல்ஃபெர்ட்டு செதுக்குற மூஞ்சிய பெத்த தாய்கூட அடையாளம் கண்டுபுடிக்க மாட்டா. எல்லாம் வேகவச்ச டர்னிப்புக் கெழங்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

தகட்டில் செதுக்கும் முகம் தாளில் பக்கம் மாறித்தான் விழும். அதனால் நாங்கள் எப்போதும் மாற்றியே செதுக்குவோம். அன்று மாற்றாமல் விட்டேன். தழும்பு வலக் கன்னத்துக்குப் போய்விட்டது. அவசரம், ஐயா. யாருக்கும் நேரும்.

கண்ணாடியா? இருந்தது. தகட்டைக் கண்ணாடியில் காட்டினால் தாளில் விழப்போகும் முகம் அப்படியே தெரியும்; அதைப் பார்க்காமல் நான் அச்சுக்குத் தருவதே இல்லை. அன்றும் பார்த்தேன்.

அச்சு இழுக்கும் எவெர்ட் முதல் தாளை உரித்தவன் அப்படியே நின்றுவிட்டான். "என்னங்கய்யா, லுப்பெர்ட்டண்ணன உரிச்சு வச்ச மாதிரி இருக்கு. தழும்புகூட அதே பக்கம். தேச்சு மாத்திடுங்கய்யா, ஜனம் வெறி புடிச்சுத் திரியுது" என்றான். அதில் முதல் பாதி எனக்குத் தேனாக இருந்தது. அடுத்த தாளைப் போடச் சொன்னேன்.

சந்தை அன்று அவனைக் கால்வாய்க் கரைக்கு இழுத்து வந்தார்கள். ஆளுக்கொரு தாள் கையில். கூட்டத்தில் அவன் என்னைக் கண்டுகொண்டான்.

"டேய் வோல்ஃபெர்ட்டு, நீயாச்சும் சொல்லுடா. இது நான் இல்லன்னு சொல்லு."

படம் செய்தவன் என்பதால் எனக்கு வழி விட்டார்கள். சத்தம் அடங்கியது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அது எனக்கும் தெரியும். தாளைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். வாயெல்லாம் ரத்தம்.

"மூக்கு அப்படியே இருக்கு" என்றேன்.

தண்ணீரில் வெகுநேரம் கையை அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம்தான் என்னை உட்காரவிடுவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கொன்றது நான்தான். ஆனால் பொய் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. சாயல் துல்லியம் என்று அங்கே அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்கள், லுப்பெர்ட்டைத் தவிர.