கார்த்தேஜ்காரர்கள் தேவை

நான் எவ்வளவு நேரம் பேசுவேனோ என்ற கவலையை முகத்தில் காட்டாமல் அவைத் தலைமை தாங்கும் மருந்துக்கடை நசீஹா அம்மையார் அவர்களே! நேற்று மாலை முதல் இந்தப் பந்தலோடு மல்லுக்கட்டி வென்ற மீனவர் சங்கத்துப் பெரியோர்களே! முன்வரிசையில் முத்துக் கோத்தாற்போல் வீற்றிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் சூரியகாந்தி விதையோடு என் சொற்களையும் சேர்த்துக் கொறிக்க வந்திருக்கும் அன்பர்களே! பழைய கார்த்தேஜ் நகரத்து மல்காவின் மண்ணே! மண்ணுக்கடியில் மௌனம் காக்கும் மூதாதையரே! முடிதிருத்தும் ஹமாதி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் நம் வட்டார நாடகக் குழுவின் முதல் நாடகம். ஏன் இந்தக் குழு? எதற்கு இந்தக் கோலாகலம்? மீன் பிடித்தவரும் ரொட்டி சுட்டவரும் முகம் மழித்தவரும் திடீரென்று அரிதாரம் பூசுவானேன்? அதைச் சொல்லத்தான் என்னை ஏற்றியிருக்கிறார்கள்.

போன வசந்தத்தில் கடல்கடந்து ஒரு படக் கம்பெனி நம் ஊருக்கு வந்தது. ரயில் நிலையச் சுவரில் ஒரு சுவரொட்டி. "கார்த்தேஜ்காரர்கள் தேவை." பார்த்தவுடன் நான் பூரித்துப்போனேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு எங்களைத் தேவையென்று ஒருவன் சொல்கிறானே! எங்களை எரித்த ரோமானியன் தேவையென்றானா? இடித்தவன் தேவையென்றானா? எங்கள் நூலகத்தை அக்கம்பக்கத்து அரசர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, உழவு நூல் ஒன்றை மட்டும் பத்திரமாக ஊருக்கு எடுத்துப்போனவன் தேவையென்றானா? பாதி முகம் மழித்தபடி உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரிடமே கடையை ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

வரிசையில் நின்றேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கனவான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மொழிபெயர்ப்புக்கு நம் செல்மா. அதோ, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளே, அவள்தான்.

"ஹமாதி அண்ணே, முகம் சரியில்லையாம். கார்த்தேஜ்காரன் மாதிரி தெரியலையாம்."

"அவரு எத்தனை கார்த்தேஜ்காரனப் பாத்திருக்காராம்? கேளு."

"சினிமாவுல நெறைய பாத்திருக்காராம்."

கேட்டீர்களா நீதியை! கார்த்தேஜ்காரர்களாக நடிக்கப் பனிதேசத்திலிருந்து பொன்முடி இளைஞர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குச் சுருள்தாடி ஒட்டினார்கள், தோலுக்கு எண்ணெய் தடவினார்கள், கண்ணுக்கு மை தீட்டினார்கள். யானையும் அசலூர். ஏதோ ஒரு சர்க்கஸில் ஓய்வு பெற்ற ஆசிய யானை. அதன் காதில் ரப்பரால் பெரிய காது ஒட்டி ஆப்பிரிக்க யானையாக்கினார்கள்! யானையை ஆப்பிரிக்கனாக்க முடிந்தது, தாய்மார்களே. இந்த ஹமாதியைக் கார்த்தேஜ்காரனாக்க முடியவில்லை!

எனக்கும் வேடம் கிடைத்தது. போர்க்களத்தில் ரோமானியப் பிணம். நான் கார்த்தேஜில் பிறந்தேன், கார்த்தேஜில் வளர்ந்தேன், கார்த்தேஜில் மணந்தேன், ரோமானியனாகச் செத்தேன்! என்ன சொல்கிறீர், பின்வரிசையாரே? "நல்லா செத்தியா"வா? அருமையாகச் செத்தேன் ஐயா. கண்ணில் ஈ மொய்த்தும் இமைக்கவில்லை. இயக்குநரே பாராட்டினார்.

சிரிப்பு இத்தோடு கொஞ்சம் நிற்கட்டும்.

நம் பள்ளிக்கூடத்துப் பூகோள ஆசிரியை மப்ரூக்காவை அறியாதவர் இங்கில்லை. அப்போது பிரசவ விடுப்பில் இருந்தார். கைக்குழந்தை யாசீனோடு, கூட்டத்தில் ஒருத்தியாக நடிக்க வந்தார். அவர் கணவர் லரூசிதான் படக் கம்பெனிக்குச் சமையல். வெறிச்சோடிக் கிடந்த அவர் உணவுக்கடைக்கு அந்த ஒப்பந்தம் உயிர்மூச்சு.

அன்றைக்குப் பலிக் காட்சி. பாகால் தெய்வத்துக்கு வெண்கல வண்ணம் அடித்த அட்டைச் சிலை. வயிற்றில் நெருப்பு. கார்த்தேஜ் மக்கள் ஆடிப் பாடி ஒரு சிசுவை அதன் கையில் வைக்க வேண்டும். வரலாறாம்! பொம்மைக் குழந்தை என்றுதான் பேச்சு. ஆனால் கேமராவில் பார்த்தால் பொம்மை பொம்மையாகவே தெரிந்தது. இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். யாசீனைச் சுட்டினார்.

செல்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "டீச்சர்... ஒரு நிமிஷம் அந்தக் கையில வெச்சுட்டு எடுத்துரலாமாம். நெருப்பு பின்னாடிதான் இருக்காம். நீங்க கொஞ்சம் தள்ளிப் போயிரணுமாம். உங்களக் காணோம்னாதான் புள்ள அழுவானாம்."

"பொம்மைன்னுதானே சொன்னாங்க?"

"பொம்மை அழலையாம், டீச்சர்."

மப்ரூக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டார். முடியாது என்றார். சுற்றி நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வேலை போய்விடுமே என்ற பயம். லரூசி கரண்டியும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏம்மா, ஒரு நிமிஷம்னுதானே சொல்றாங்க? இந்தக் கம்பெனி போச்சுன்னா நான் கடைய மூடணும். நம்ம பொழப்ப நெனச்சுப் பாரு."

"புகையப் பாருய்யா. உனக்கே கண்ணு எரியுது. அவன் ஆறு மாசப் புள்ள."

இயக்குநர் ஒரு தடித்த புத்தகத்தைத் தட்டிக் காட்டினார். பலி கொடுத்ததாக இதில் எழுதியிருக்கிறது என்றார்.

"யாரு எழுதுனதுன்னு கேளு செல்மா."

"ரோமானியர், கிரேக்கர்னு சொல்றாரு டீச்சர்."

"கொளுத்துனவன் கிட்டப் போய், கொளுத்தப்பட்டவன் எப்படிப்பட்ட ஆளுன்னு விசாரிச்சாங்களாமா? நல்ல விசாரணை!"

அடுத்து மப்ரூக்கா சொன்னதை அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"யாசீனுக்கு முன்னாடி ஒருத்தி பொறந்தா. தங்கல. நான் ஒரு புள்ளைய மண்ணுல வெச்சவ. எப்படி வெப்பாங்கன்னு எனக்குத் தெரியும். ஆடிப்பாடி வெக்க மாட்டாங்க. இதையும் அப்படியே சொல்லு அவருகிட்ட."

செல்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடியாதுங்கிறாங்க" என்று மட்டும் சொன்னாள்.

இயக்குநர் கொதித்தார். காட்சி இல்லையென்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவேன் என்றார். அப்போது, அன்பர்களே, லரூசி தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்தச் சின்னக் குழிக்கு மண் தள்ளியவரல்லவா அவரும்! திரும்பிப் போனார். அடுப்பை அணைத்தார். குஸ்குஸ் அண்டாவை மூடினார். மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னிக்கிச் சோறு என் பொண்டாட்டி பக்கம் நிக்கறவங்களுக்கு மட்டும்!"

ஆகா! ஆட்டுக்கறியும் பூசணியும் கொண்டைக்கடலையும் மணக்க மணக்கக் கொதித்த அண்டா அது! முதலில் நாங்கள் போனோம். பிணங்கள் எழுந்து நடந்தோம். பிறகு பனிதேசத்துக் கார்த்தேஜ்காரர்கள் தாடியைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைசியில், காலையிலிருந்து கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்த ரோமானியப் படை கேடயத்தைக் கீழே போட்டது. அந்தக் கேடயத்தையே தட்டாக ஏந்தி வரிசையில் நின்றது! எங்கள் தளபதி ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியும் முடியாததை, சகோதரர்களே, லரூசி அண்டாமேல் உட்கார்ந்தே முடித்தார்! ரோம் சரணடைந்தது!

இயக்குநர் பொம்மையோடு காட்சியை எடுத்தார். அடுத்த வாரமே கம்பெனி கிளம்பிப் போனது. லரூசியின் கடை மறுபடி காற்று வாங்கியது. அதை மறைத்து நான் வெற்றிமுரசு கொட்ட மாட்டேன்.

படம் வெளிவந்ததும் ஒரு கூட்டமாகத் தலைநகரத்துக்குப் போய்ப் பார்த்தோம். கணினியில் செய்த குழந்தையைக் கணினியில் செய்த நெருப்பில் கார்த்தேஜ் மக்கள் ஆரவாரத்தோடு போட்டார்கள். ரோம் எங்களை எரித்தபோது, நம்புவீர்களா, அரங்கமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது!

திரும்பி வரும் ரயிலில் ஆளாளுக்குத் திட்டினோம். மப்ரூக்கா மட்டும் கேட்டார்: "திட்டி முடிச்சாச்சா? அப்ப நாமளே ஒரு நாடகம் போடலாமா?"

அப்படிப் பிறந்தது இந்தக் குழு. ஒத்திகையில் ஒரு நாள் பெரிய சண்டை. குழுவில் சேர்ந்த பள்ளி மாணவர்கள் சொன்னார்கள்: "பலியே நடக்கலன்னு காட்டுவோம் டீச்சர்! எல்லாம் ரோமாக்காரன் கட்டுக்கதை!"

"நீ கூட இருந்து பாத்தியாப்பா?"

"இல்ல..."

"நானும் பாக்கல. தெரியாததத் தெரியும்னு அடிச்சுச் சொன்னா, அப்புறம் அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

அவையோரே, படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். குழந்தைகளை நோயில் இழந்தார்களா, நேர்ந்துகொண்டு கொடுத்தார்களா? நாம் அறியோம். கடலோரத்தில் சின்னஞ்சிறு தாழிகள் இருக்கின்றன. தாழிக்குள் சாம்பல் இருக்கிறது. தாழிக்கு மேல் கல் இருக்கிறது. யாரோ ஒருவர் குனிந்து அந்தக் கல்லை நட்டார். அவ்வளவு அறிவோம். எங்களைக் கொடியவர் என்று எழுதியவன் அந்தக் குனிந்த முதுகைப் பார்க்கவில்லை. எங்களைக் குற்றமற்றவர் என்று கூவுகிறவனும் பார்க்கவில்லை. அரக்கராகவும் வேண்டாம், அமரராகவும் வேண்டாம். எங்கள் முன்னோரை மனிதராக விடுங்கள்! ஈராயிரம் ஆண்டுகளாக யாருமே தராத மரியாதை அது ஒன்றுதான்!

ஆகவே இன்றைய மேடையில் ஆட்டமில்லை, நெருப்பில்லை. ஒரு தாய் வருவாள். ஒரு தாழியை இறக்கி வைப்பாள். கொஞ்ச நேரம் எழாமல் உட்கார்ந்திருப்பாள். வசனம் ஒன்றும் கிடையாது. வசனம் எழுத எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் மப்ரூக்கா.

இடம் தந்தவர்க்கும் இருக்கை தந்தவர்க்கும், இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கும் இந்த ஹமாதியின் நெஞ்சார்ந்த நன்றி. விளக்கை அணையுங்கள். அவர் வந்து நிற்கிறார். வணக்கம்.