ஜீவரஞ்சனி லேபிள்

ஹட்டனில் மழை பிடித்துக்கொண்டால் அச்சுத்தாள் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். காயும்வரை பொறுத்திருந்துதான் அடிப்பேன். பதினொரு வருடமாக அச்சுக் கோர்க்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு அவசர வேலை பிடிக்காது.

1953இல் மதராசிலிருந்து எங்கள் அச்சகத்துக்குப் புது எழுத்து வந்தது. தலைப்புக்கும் கடைப்பெயருக்கும் மட்டும் போடுகிற பெரிய சாய்வெழுத்து. தடித்த இடம் கரிக்கட்டை மாதிரி, மெலிந்த இடம் தலைமுடி மாதிரி. எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்று கேலி செய்வார்கள். அதன்மேல் அவ்வளவு ஆசை. ‘ர’ இரண்டே வந்தன. ஒன்றின் வால் முதல் வாரமே முறிந்தது.

அந்த மாதம் பொகவந்தலாவையிலிருந்து சோலைமலை, தான் காய்ச்சும் ஜீவரஞ்சனிக்கு லேபிள் கேட்டு வந்தார். நெஞ்சுச்சளிக்கு மேலே தேய்க்கிற மருந்து. யாரையோ பிடித்து எழுதி வாங்கிய தாளில், பெயருக்குக் கீழே ‘நெஞ்சுச்சளிக்கு’ என்றும், கடைசி வரியாக ‘தேய்க்க மட்டும், குடித்தால் உயிருக்கு ஆபத்து’ என்றும் இருந்தது. அதையும் கோர்த்தேன். பெயரைச் சாய்வெழுத்தில் வைத்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. லேபிளோ உள்ளங்கை அகலம். கடைசி வரியையும் நெருக்கி வைத்துச் சட்டத்தில் முடுக்கினால் மிச்சமிருந்த ‘ர’வின் வாலும் போய்விடும். பெயரைச் சாதாரண எழுத்துக்கு மாற்றியிருக்கலாம். வரியை எடுத்துவிட்டேன்.

சோலைமலைக்கு வாசிக்கத் தெரியாது. அடித்த தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். “எழுத்து ஓடுற மாதிரி இருக்குங்க. சொன்னதெல்லாம் வந்துருச்சுங்களா?”

“எல்லாம் இருக்குங்க” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கிற நாகலெட்சுமி பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். “மூத்தவ எழுத்துக்கூட்டிப் படிச்சா. ஜீவரஞ்சனி, நெஞ்சுச்சளிக்குன்னு போட்டிருந்துச்சு. ரெண்டு கரண்டி குடுத்தேன். காய்ச்சல் முத்திருச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. புள்ள போயிட்டான். இன்னும் ஒரு கரண்டி குடுத்திருக்கணும் போல.”

ஹட்டன் வரை அவள் பின்கழுத்தைப் பார்த்தபடி வந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்றுவரை என்னைத் தின்கிறது, அதை நம்புங்கள்.

மறுவாரம் சோலைமலை இன்னும் ஐந்நூறு லேபிள் கேட்டார். கோர்த்தது பிரிக்காமல் அப்படியே இருந்தது. இப்போதாவது வரியைச் சேர்த்திருக்கலாம். சேர்த்தால், முன்பு ஏன் இல்லை என்று வாசிக்கத் தெரிந்த யாராவது கேட்பார்கள். அப்படியே அடித்துக் கொடுத்தேன். லிந்துலையில் அழகம்மா வாங்கிய பாட்டிலில் ஒட்டியிருந்தது அந்த ஐந்நூறில் ஒன்று. அவள் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் குடிக்கக் கொடுத்தாள்.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் சோலைமலையை விட்டுவிடுங்கள். வரியை எழுதிக் கொடுத்ததாக அவர் சொல்வது நிஜம். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டவன் நான். நாகலெட்சுமியின் மகனைத் தெரியாமல் கொன்றேன், ஐயா. அழகம்மாவின் பிள்ளைகள் இரண்டையும் தெரிந்தே கொன்றேன்.