வெட்டிய ஆண் ஈச்சமரங்கள்

தளியிலிருந்து ஜவளகிரி போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. முன் சீட்டில் ஒருத்தி புருஷனைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"காய்க்கலைன்னு ஆண் ஈச்சமரத்தையெல்லாம் வெட்டுனியே, போன வருசம் ஒரு பழமாவது நின்னுச்சாய்யா?"

"காட்டுல இருந்து காத்து மகரந்தம் கொண்டாரும்னு நெனச்சேன்."

"காத்துக்கு உன் தோட்டத்து விலாசம் தெரியுமா? வண்டு வந்தாலும் வெறுங்கையோடதானே வரும்?"

"அதான் உங்கண்ணன் மரத்துல ஆண்பூ வாங்கி, நம்ம மரத்துப் பூவுல உதறப் போறோமே. நீயே கேளுடி."

"வெட்டாம வச்சிருக்கான் மடையன்னு அவரைப் பாத்துச் சிரிச்சது நீதானே? நீயே கேளு. நம்ம பூ வாடறதுக்குள்ள கேளு."

ஜவளகிரி வந்துவிட்டது. அவன் எழவில்லை. வெட்டும்போது இருந்த வேகம் இறங்கும்போது இல்லை. அவளே அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாய்யா. நீ 'மச்சான்'னு மட்டும் கூப்பிடு. பூவை நான் கேட்டுக்கறேன்."