பலூனுக்குச் சவரம்

எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். விசாரணைக்கென்று நீங்கள் எடுத்துப்போன அந்த நோட்டில் ஏழு மாதம் எழுதியதில் ஓர் அடித்தல் திருத்தலைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். தேதி, தூக்கம் எத்தனை மணி நேரம், கை நடுக்கம் பத்துக்கு எத்தனை, மனசு எப்படி என்று நான்கு கட்டம். கோடு போட்டதும் நான்தான், தம்பி சொல்லச் சொல்ல எழுதியதும் நான்தான். அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

நான்காவது மாதத்திலிருந்து ஞாயிறும் புதனும் மட்டும் நடுக்கம் ஏழு, எட்டு என்று ஏறியிருக்கிறதே, ஏன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. மாதாமாதம் நோட்டைப் புரட்டிய டாக்டருக்கு அது தோன்றவில்லை. காரணம் சாதாரணமானது. ஞாயிறு எனக்கு வார விடுமுறை. புதன் அரை நாள் வேலை. அந்த நாட்களில்தான் வீட்டில் இருந்து அவனைக் கவனித்துக்கொள்ள முடியும்.

நான் ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். கோணல் காலர், விட்டுப்போன தையல், தொங்கும் நூல், இவற்றைக் கண்டுபிடிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை. அதற்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம், ஏற்கெனவே நிறையப் பேர் கொட்டிவிட்டார்கள். தம்பி முடிதிருத்துபவன். கடையில் நடு நாற்காலி அவனுடையது. அவன் கையில் முகத்தைக் கொடுத்தவர்கள் அப்படியே தூங்கிப்போவார்கள். குடி அந்தக் கையைக் கெடுத்தது. ஒருவருடைய காதுமடலைக் கீறியதும் கடைக்காரர் அவனை வீட்டுக்கு அனுப்பினார். அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள்.

"ஆறு மாசம் அவர் தொடாம இருக்கட்டும் அண்ணி. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டு அவன் என் வீட்டுக்கு வந்தான். டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "குடிய நிறுத்தினா உடம்பு உடனே நம்பாதும்மா. ஒரு வருஷம் வரைக்கும் விட்டு விட்டு வரும். நல்லா இருப்பாரு, திடீர்னு கை நடுங்கும், தூக்கம் போகும், எதுலயும் ஒட்டுதல் இருக்காது. பயந்துடாதீங்க. கூடவே இருங்க, அது போதும்."

கூடவே இருந்தேன். டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டும். நான் ஊட்டினேன். பொத்தானைப் போட்டுவிட்டேன். எதைக் கொடுத்தாலும் மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது என்பான். நான் சமைக்கும்போது அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல வருடமாக ஒற்றைத் தட்டைக் கழுவிய கைக்கு இரண்டு தட்டு கழுவுவது சுகமான வேலை.

மூன்றாவது மாதம் பலூன் பாக்கெட் வாங்கி வரச் சொன்னான். தொழில் பழகுபவர்கள் முதலில் பலூனில்தான் பழகுவார்களாம். ஊதி, மேலே நுரை தடவி, சவரக் கத்தியால் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். கை கொஞ்சம் பிசகினாலும் வெடித்துவிடும். முதல் வாரம் எல்லாமே வெடித்தன. என் முகமெல்லாம் நுரை. இரண்டாம் வாரம் ஒன்று தப்பித்தது. அவன் பலூனிடம், "சார், மீசையை வைக்கவா, எடுக்கவா?" என்று கேட்டான். அவன் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். பிறகு தொடர்ந்து பத்து நாள் ஒரு பலூன்கூட வெடிக்கவில்லை. நடுக்கம் இரண்டு, தூக்கம் ஏழு மணி நேரம் என்று எழுதினேன். அன்றைக்கு அவன் கடைக்காரருக்குப் போன் பண்ணினான். மனைவிக்கும் பண்ணினான். மகளுக்கு முன்தலைமுடியை அவனே வெட்டிவிடப் போவதாகச் சொன்னான். பேசும்போதே தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

நான் பயந்தேன். அவனுக்காகத்தான். டாக்டர் ஒரு வருடம் என்றார், இவன் நான்காம் மாதமே கிளம்புகிறான். அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்பது இருபத்திரண்டு வருடம் தையல் பார்த்தவளுக்குத் தெரியாதா?

அவன் பழைய நாட்களில் என் வீட்டுப் பரணில் இரண்டு பாட்டில் ஒளித்து வைத்திருந்தான். ஒன்றை அவன் எதிரிலேயே கழுவுதொட்டியில் கொட்டினேன், அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். இன்னொன்றைப் பற்றி அவனுக்கு நினைவில்லை. தினமும் சாயங்காலம் அவனுக்குச் சத்து டானிக் கொடுப்பேன், கறுப்பாக, கசப்பாக இருக்கும். சனிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அதில் அந்த பாட்டிலிலிருந்து இரண்டு மூடி சேர்த்தேன். மூடியால் அளந்துதான் ஊற்றினேன். ஒருநாளும் கூடுதலாக ஊற்றியதில்லை. அது தீர்ந்ததும் வாங்கினேன். மதுக்கடையில் இருந்தவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான், பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் அவனுக்கு நடுங்கும். வியர்க்கும், எரிந்து விழுவான், பிறகு மன்னிப்புக் கேட்பான். நான் வீட்டில் இருந்து நெற்றியைத் துடைத்துவிடுவேன். பலூன்கள் மறுபடி வெடித்தன. மடித்த துணிகளை நானே அலமாரியில் திருப்பி வைத்தேன்.

"அக்கா, நான் ஒரு சொட்டுகூடத் தொடல. சத்தியமா. அப்புறம் ஏன் இது என்னைவிட்டுப் போகமாட்டேங்குது?" என்பான்.

"போயிடும்டா. டாக்டர் சொன்னாருல்ல."

"நீயாவது என்னை நம்புறியா?"

"நம்புறேன்டா" என்றேன். அது மனதாரச் சொன்னது. அவன் சொல்வது உண்மை என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் நான்தான்.

ஒருநாள், தனக்கே தெரியாமல் எழுந்துபோய்க் குடித்துவிட்டு மறந்துவிடுகிறானோ என்று கேட்டான். நான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போகச் சொன்னான். அவனாகத்தான் கேட்டான். பூட்டினேன். ஆறு மாதம் முடிந்து மனைவி போன் பண்ணியபோது, "இந்தக் கையோட நான் வரமாட்டேன். பாப்பா பயந்துடும்" என்று அவனே சொல்லி வைத்துவிட்டான். அதன்பிறகு பலூன் ஊதுவதையும் விட்டுவிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். என்னை விட்டுப் போகும் பேச்சே இல்லை. நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

ஏழாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது, நான் மருந்து வரிசையில் நின்ற நேரத்தில் அவன் டாக்டரிடம் தனியாகப் பேசியது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. குடித்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளாதபடி செய்யும் மாத்திரை ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். அதைத் தனக்குக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். எந்தத் திரவ மருந்தும் கவனம் என்று டாக்டர் சொல்ல, பையில் கொண்டுபோயிருந்த டானிக் அட்டைப் பெட்டியைக்கூட எடுத்துக் காட்டியிருக்கிறான். டாக்டர் படித்துப் பார்த்து, இதில் ஒன்றும் இல்லை, தாராளமாகக் குடிக்கலாம் என்றாராம். பத்து நாள் தாண்டிய பிறகு என்னிடம் சொல்லி ஆச்சரியப்படுத்த நினைத்தான்போல. மாத்திரை அட்டையில் இரண்டுதான் காலியாகியிருந்தது.

அன்று செவ்வாய். டானிக்கைக் குடித்துப் பத்து நிமிடத்தில் முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகின. வாந்தி எடுத்தான். மூச்சு வாங்கியது. சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து என் கையில் வைத்து, "அக்கா, டாக்டர்கிட்ட காட்டு. நான் குடிக்கலன்னு சொல்லு" என்றான். பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். புரிந்தது.

ஆம்புலன்ஸில் வந்தவர், "என்னம்மா சாப்பிட்டாரு? ஏதாவது மருந்து போடுறாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். மருத்துவமனையில் இரண்டு முறை கேட்டார்கள். அப்போதும் தெரியாது என்றேன். அட்டை என் கைப்பையில் இருந்தது. சொன்னால் டானிக்கைப் பற்றிக் கேட்பார்கள். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று நீங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும், நான் படித்தவள் இல்லை. ஒன்றரை மணி நேரம் இருந்தான். கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். கடைசியில் அந்தக் கை நடுங்கவே இல்லை.

ரத்தத்தில் மது இருந்தது என்றார்கள். கட்டுப்படுத்த முடியாமல் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டான் என்று எல்லாரும் முடிவு செய்தார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. அவன் மனைவி முகத்தில் அறைந்துகொண்டு, "நம்புனேனே அண்ணி" என்று அழுதாள். மகள் அழவில்லை. எட்டு வயது. கூட்டமெல்லாம் போனபிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "அத்தை, அப்பா நிஜமாவே குடிச்சாரா?" என்று கேட்டாள்.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவி, "ஆமாம்மா, குடிச்சாரு" என்றேன். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை.