பூனைக்கு நாலே மந்திரம்

அப்போ நீங்களும் தீச்சுவர் கட்சிதானா தம்பி? நினைச்சேன். ஆம்பளைங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஏணி ஆடுதே, பிடிச்சுக்கவா? ஆமாமா, நான் பிடிச்சா நீங்க விழறதோட நானும் சேந்து விழுவேன், அது நிஜந்தான். இந்த ஸ்டூல்லயே உக்காந்துக்கறேன். கண்ணு வயர் மேல இருக்கட்டும், காதை மட்டும் இந்தப் பக்கம் குடுங்க. இன்டர்நெட் லைன் சரி பண்ண வந்தவர் இந்த போன் விளையாட்டும் ஆடறவர்னு தெரிஞ்சப்புறம் என் வாய் எப்படி நிக்கும்? தேடிப் போன மருந்து காலுல தட்டின மாதிரி ஆயிடுச்சு.

கொஞ்சம் மெதுவா மட்டும் பேசுங்க. அந்த ரூம்ல தூங்கறாங்க. ஆமா, பகல்லதான்.

எங்க விட்டேன்? மந்திரம். உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் சொல்றேன். மந்திரவாதிக்குக் குடுக்கறது ஒரு மூட்டை மந்திரம், ஆனா பையில நாலுதான் கொள்ளும். ஆட்டம் ஆரம்பிச்சுக் கதவு திறந்துட்டா மாத்த முடியாது. என் பையில என்ன இருக்குன்னு கேட்டீங்கள்ல? காப்புக்குடை. மருந்து மழை. விழுந்தவங்களை எழுப்பறது ஒண்ணு. அப்புறம் இருட்டுல வெளிச்சம் காட்டற விளக்கு.

சிரிங்க, சிரிங்க. ஏணியிலேருந்து விழுந்துடாம சிரிங்க. தெரியும், நாலுல அடிக்கற மந்திரம் ஒண்ணுகூட இல்ல. எங்க வில்லுக்காரனும் இப்படித்தான் சிரிச்சான். அவன் எங்க டீம்ல ஒருத்தன், எங்கயோ படிக்கற பையன், எந்நேரமும் மைக்குக்குள்ள எதையாவது கொறிச்சுக்கிட்டே இருப்பான், காதுக்குள்ள எலி பூந்த மாதிரி இருக்கும். பூனை சண்டைக்கு வரல, சேவைக்கு வந்திருக்குன்னான். பூனைதான் என் பேரு, அங்க.

எங்க நாத்தனார் ஒருத்தி இருந்தா. ஊருக்குக் கிளம்பணும்னா முதல் நாளே பெட்டியைத் திறந்து வெச்சுக்குவா. தலைவலி மாத்திரை, வயித்துவலி மாத்திரை, டார்ச், ஊசி நூல், பாம்பு கடிச்சா கட்ட ஒரு கயிறு வரைக்கும் எடுத்து வெப்பா. ஒரு தடவை எல்லாருமா போயிருந்தோம். குளிச்சுட்டுப் பாத்தா மாத்திக்க ஒரு துணி இல்ல அவகிட்ட. கட்டின துணியோடயே சுத்தினா. ஆனா ஒண்ணு, யாருக்கு என்னன்னாலும் அவளைத்தான் தேடுவாங்க. நான் அந்த ரகம்னு வெச்சுக்குங்க. அவ மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் நினைச்சிருந்தேன், என்ன பண்றது.

இன்னிக்கு வந்த சோதனை என்னன்னா, நேத்து லைன் போறதுக்கு முன்னாடியே எங்க டீம் தலைவன் கண்டிச்சு சொல்லிட்டான். சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரிய ஆட்டம். அதுல ஜெயிச்சாத்தான் மேல் படிக்குப் போகலாமாம். பூனை, நாளைக்கும் அந்த மருந்து மழையைத் தூக்கிட்டு வந்தே, வேற மந்திரவாதியைப் பாத்துக்கறேன்னுட்டான். தீச்சுவரும் இடியும் எடுத்துட்டு வா, இல்லன்னா வராதேன்னான். வராதேன்னா எப்படித் தம்பி?

வேற டீம்ல சேந்துக்கவா? அது சரி வராது. இல்ல, அந்த டீம்தான் வேணும். சொல்றேன் இருங்க.

அவன் ஆடறதை நீங்க பாக்கணுமே. வாளைத் தூக்கிட்டு முன்னாடி ஓடறதுல அவனுக்கு நிகர் கிடையாது, நின்னு ஒரு நிமிஷம் யோசிக்கறதுதான் கிடையாது. நேரா கூட்டத்துக்கு நடுவுல போய் நிப்பான். நாலா பக்கமும் சூழ்ந்துக்கிட்டு அடிப்பாங்க. தலைக்கு மேல ஒரு சிவப்புக் கோடு இருக்குமே, அது கிடுகிடுன்னு இறங்கும். அதைப் பாத்துக்கிட்டு நான் தூரத்துல நெருப்பு மூட்டிக்கிட்டு நிக்கணுமாம். கை வருமா? ஒரு தடவை குப்புற விழுந்துட்டான். ஓடிப் போய் எழுப்பற மந்திரத்தைப் போட்டேன். எழுந்து நின்னு, தேங்க்ஸ் பூனைன்னான். அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன்.

என்னது, விழறவனை எழுப்பிக்கிட்டே இருந்தா எதிராளி கோட்டை எப்ப விழும்ங்கறீங்களா? நியாயந்தான். அவனும் அதையேதான் கேட்டான். நீ என்னை உயிரோட வெச்சிருக்கே பூனை, ஆனா ஆட்டம் நகரலியேன்னான். நகரலதான்.

பேசுவேனான்னா கேட்டீங்க? இல்லையே. மைக்கை அமுக்கி வெச்சிருக்கேன். கேக்கறதோட சரி. ஏதாவது சொல்லணும்னா எழுத்துல தட்டுவேன். பூனைக்கு ஊமைப் பூனைன்னும் ஒரு பட்டப் பேரு உண்டு. காதுல மாட்டிக்கிட்டுப் பேசாம கேக்கறது எனக்கு ஒண்ணும் புதுசு இல்ல தம்பி. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா இருந்தவ. பின்னே? இந்தக் கையால எத்தனை லைன் சொருகியிருப்பேன். ஒரு வகையில பாத்தா நீங்களும் நானும் ஒரே கயித்துல தொங்கறவங்க. கேக்கக் கூடாதுன்னு சட்டம், சொருகிட்டுக் கையை எடுத்துடணும்னு மேல்பார்வை அம்மா பின்னாடியே நடப்பாங்க. கேக்காம இருந்தோமா? அதெல்லாம் கேட்டோம்.

அப்ப ஒரு மனுஷர் தினம் கூப்பிடுவார். ஒரே நம்பர்தான். போடுவேன், மணி அடிச்சுக்கிட்டே இருக்கும், எடுக்க ஆளில்ல. ஐயா, பதில் இல்லைம்பேன். பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் அடிக்க விடுங்கம்பார். ஒரு நாள் வாய் பொறுக்காம, யாருமே எடுக்கலியே, எதுக்கு ஐயா தினம் கூப்பிடறீங்கன்னு கேட்டுட்டேன். அங்க மணி அடிக்கற சத்தம் எனக்குக் கேக்குதில்ல, அது போதும்மான்னார். பக்கத்து சீட்டுக்காரிகிட்டச் சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம். லூசு போலன்னு சிரிச்சோம்.

வயரை யாரு கடிச்சது? அணிலா? பாருங்க, அதுக்கு வேற மரமே கிடைக்கல. நானும் என்னென்னமோ நினைச்சேன். மகதான் உங்க ஆபீசுல சொல்லி நிறுத்திட்டாளோன்னுகூட சந்தேகப்பட்டேன். அவ வெளியூர்லேருந்து போன் பண்ணும்போதெல்லாம், அம்மா லைனைப் பிடுங்கி எறி, எல்லாம் தன்னால சரியாகும்பா. பிடுங்க எனக்குக் கை வரல. அணில் பிடுங்கிடுச்சு.

இந்த ஆட்டத்தை யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்கறீங்களா? மக வயித்துப் பேத்திதான். லீவுக்கு வந்திருந்தா. என் பழைய போனைத் தூக்கிப் போட்டுட்டு இந்தப் பெரிய போனை வாங்க வெச்சதும் அவதான். முதல்ல நான் சுவத்துலயே முட்டிக்கிட்டு நின்னேன் தம்பி, எங்க மந்திரவாதி தாடியும் கோலுமா ஒரு மூலையில நின்னுக்கிட்டு நடக்கறான் நடக்கறான், சுவரை விட்டு வரவே இல்ல. பாட்டி, அது வாசல் இல்லம்பா. எனக்கும் தெரியும் வாசல் இல்லன்னு, திருப்பத் தெரியணுமே. பொறுமைசாலிக் குழந்தை. ஊருக்குப் போற அன்னிக்கு, பாட்டி, நீ ஜெயிக்கவெல்லாம் வேணாம், தினம் போய் நின்னா போதும்னு சொல்லிட்டுப் போனா.

தலைவனைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தேன்ல. ஒரு நாள் என்ன ஆச்சு, ஆட்டம் மும்முரமா போயிட்டிருக்கு, நான் பாட்டுக்கு, சாப்பிட்டியான்னு தட்டி அனுப்பிட்டேன். எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல, விரல் தானா போயிடுச்சு. நாலு பக்கமும் குண்டு வெடிக்குது, நடுவுல சாப்பிட்டியான்னு எழுத்து வந்து நிக்குது. வில்லுக்காரன் விழுந்து விழுந்து சிரிச்சான். போச்சுடா, தலைவன் கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன். ஆட்டம் முடிஞ்சு மத்தவங்க போனப்புறம் அவன்கிட்டேருந்து ஒரு வரி வந்துச்சு. இன்னும் இல்ல பூனை, பசிக்கல. அவ்வளவுதான். நான் போனை வெச்சுட்டு எழுந்து போய் ஒரு தட்டு போட்டேன்.

யாருக்குன்னா? இருங்க, லைட்டு எரியுது பாருங்க பெட்டியில. மஞ்சளா? மஞ்சள் வந்தா பாதிக் கிணறுன்னு அர்த்தமா? சரி, இறங்கியே வாங்க. இந்த மேஜையில வெச்சுக்குங்க உங்க கம்ப்யூட்டரை.

அந்த ரூமுக்கா? அங்க ஒரு வயர் போகுது, ஆமா. அதைச் சோதிக்க வேணாம் தம்பி, நல்லாத்தான் இருக்கும். இல்ல, தட்டாதீங்க. கதவைத் தட்டாதீங்க. இங்க வந்து உக்காருங்க.

அது உங்க பெட்டியில தெரியுமா? ரெண்டு மெஷின் ஓடினதுன்னு? ஒரே வீட்டுக்குள்ள, ஒரே ஆட்டத்துல. ம். இந்தக் காலத்து லைன்ல எதையும் ஒளிக்க முடியாது போல. எங்க காலத்துல ஒட்டுக் கேட்டாத்தான் தெரியும்.

ஒண்ணு இந்த போன். இன்னொண்ணு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். எங்க டீம் தலைவன் அங்கதான் இருக்கான். என் பையன்.

சண்டையெல்லாம் இல்ல தம்பி. சண்டைன்னா சமாதானம்னு ஒண்ணு இருக்கும். வேலை போச்சு. அடுத்த வேலை தேடினான், கிடைக்கல. விசாரிக்கறவங்களுக்குப் பயந்து வெளிய போறதைக் குறைச்சான், அப்புறம் ஹாலுக்கு வர்றதைக் குறைச்சான், ஒரு நாள் கதவைச் சாத்திக்கிட்டான். போன மழைக்கு முன்னாடி. நான் தூங்கினப்புறம் வெளிய வருவான் போல, குளிச்ச ஈரம் இருக்கும் காலையில. தட்டு வெச்சா சில நாள் காலியாகும், சில நாள் அப்படியே இருக்கும். டாக்டர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தேன். அந்தக் கதவுக்கு வெளிய நாற்காலி போட்டு உக்காந்து ஏதேதோ பேசிப் பாத்தார். உள்ளேருந்து ஒரு இருமல்கூட வரல. கதவை உடைக்காதீங்கம்மா, அவனா வரணும்னு சொல்லிட்டுப் போனார். மாமன்மார் வந்து கத்திப் பாத்தாங்க. சுவத்துல காதை வெச்சா ஏதோ முணுமுணுப்பு கேக்கும். பேத்திதான் சொன்னா, மாமா விளையாட்டுல பேசறார் பாட்டி, நீயும் அங்க போனா கேக்கலாம்னு. அவளே என்னை அந்த டீம்ல சேத்து விட்டா. போனேன். சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து காதுல மாட்டினேன். வில்லுக்காரனைக் கேலி பண்ணிச் சிரிச்சுக்கிட்டிருந்தான் தம்பி. அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

லைன் போனா வெளிய வருவான்னு மக சொன்னாள்ல. நேத்து மத்தியானம் போச்சு. வரல. அந்த முணுமுணுப்பும் நின்னு போச்சு. ராத்திரி வெச்ச தட்டு, காலையில வெச்ச தட்டு, ரெண்டும் அப்படியே இருக்கு, அந்த மூலையில பாருங்க, நீங்க தாண்டித்தானே வந்தீங்க. அதுக்குத்தான் உங்க ஆபீசுக்குப் போன் மேல போன் போட்டேன். கோவிச்சுக்காதீங்க.

நாந்தான் பூனைன்னு சொல்லிடலாமா? நானும் நினைக்காத நாளில்ல. சொல்லிட்டா அங்கயும் ஒரு கதவைச் சாத்திக்குவான். அப்புறம் நான் எங்க போய் நிக்கறது?

இந்தாங்க போன். நீங்களே மாத்திக் குடுங்க, நான் தொட்டா மறுபடியும் அந்த நாலையே வெச்சுடுவேன். முதல்ல அந்த விளக்கை எடுத்துடுங்க. தீச்சுவரை வைங்க. அடுத்து மருந்து மழை. எடுத்துடுங்க, இடியை வைங்க. எழுப்பறது மட்டும் இருக்கட்டுமே? அதுக்குப் பதிலா எதிராளியை உறைய வெச்சு நிறுத்தற பனிப்பூட்டு வெச்சாத்தான் தீச்சுவர் நிக்குமா. காப்புக்குடையைத் தூக்கிட்டுப் பனிப்பூட்டை வெச்சா? குடை இல்லன்னா ஆரம்பத்துலயே நானே செத்துடுவேனா. செத்தா அவன் பேசறது கேக்காதுல்ல, மந்திரவாதி விழுந்துட்டா சத்தம் அடைச்சுடும்.

சரி, எழுப்பறதை எடுத்துடுங்க. விழுந்தா விழட்டும். அவன் கேட்டதைக் கொண்டு போறேன். டீம்ல இருந்தா போதும்.

பச்சை. பச்சை வந்துடுச்சு தம்பி. கொஞ்சம் பேசாம இருங்க. கேட்டுச்சா? நாற்காலி இழுக்கற சத்தம். இருக்கான்.

தண்ணி குடிக்கறீங்களா? வேணாமா. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு, அந்தப் பசிக்கலன்னு சொன்ன அன்னிக்கு, தட்டு வெச்சுட்டுத் திரும்பி வந்து பாத்தா இன்னொரு வரி இருந்துச்சு. பூனை, உனக்கு வீட்ல யாரும் இல்லையா, தினம் வர்றியேன்னு. பொய் சொல்ல மனசு வரல. ஒரு பையன் இருக்கான், என்கிட்டப் பேசறதில்லைன்னு அடிச்சேன். அடுத்த வரி வந்துச்சு. அவன் நம்பரைக் குடு பூனை, நான் பேசிப் பாக்கறேன்னான்.

ஏணியைத் தூக்கும்போது கதவுல இடிச்சுடாதீங்க தம்பி, மெதுவா.